மண்டிக்காரரை எடுத்துவிட்டால் அப்பாவுக்கு நல்ல விலை கிடைக்குமா?

பெங்களூருவில் டேட்டா சயின்டிஸ்டாக இருக்கும் 33 வயது வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

சொந்த ஊர் ஒட்டன்சத்திரம் பக்கம். அப்பாவுக்கு நான்கு ஏக்கர், கிணற்றுப் பாசனம், பெரும்பாலும் தக்காளி. போன வருடம் ஒரு நாள் அப்பா ஃபோனில், "பெட்டி நூத்தி நாப்பதுக்குப் போச்சுப்பா" என்றார். பெட்டிக்கு 14 கிலோ, ஆக கிலோ 10 ரூபாய். அன்று மாலை பெங்களூரு வீட்டுக்கு மளிகை ஆப்பில் வந்த தக்காளியின் விலை கிலோ 38. மீதி 28 ரூபாய் எங்கே போனது என்ற கேள்வி வாசகரைத் தூங்கவிடவில்லை. மத்திய அரசின் சந்தை விலைத் தளமான அக்மார்க்நெட்டிலிருந்து பத்து வருட விலைகளை இறக்கி, விலையைக் கணிக்க ஒரு மாடல் செய்திருக்கிறார். ஆர்-ஸ்கொயர் (கணிப்பு உண்மை விலையோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்ற அளவு; 1 என்றால் முழுப் பொருத்தம்) 0.95 வந்திருக்கிறது. இப்போது வேலையை விட்டுவிட்டு, இரண்டு நண்பர்களோடு சேர்ந்து "இடைத்தரகர் இல்லாத" ஒரு உழவர் உற்பத்தியாளர் கம்பெனி தொடங்கி, ஊர்க்காரர்களின் தக்காளியை பெங்களூரு அடுக்குமாடிகளுக்கும் ஹோட்டல்களுக்கும் நேராக விற்கத் திட்டம். கையில் 14 லட்சம் சேமிப்பு. வீட்டுக்கடன் மாதம் 41,000. மனைவிக்கு ஐந்தாம் மாதம்.

அப்பாவுக்கு இதில் துளியும் சம்மதம் இல்லை. "அந்த மண்டிக்காரர் உங்கக்கா கல்யாணத்துக்கு நின்னவருடா" என்கிறார். மண்டியில் 1.8 லட்சம் முன்பணம் வாங்கியிருக்கிறார்; இதுவரை ஒரு பைசா வட்டி கேட்டதில்லையாம். வாசகர் கேட்பது மூன்று: என் கணக்கு சரியா? என் மாடல் போதுமா? வேலையை விடலாமா?

அன்புள்ள தம்பிக்கு,

மூன்றாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இப்போது வேலையை விட வேண்டாம். யோசனையைக் கைவிடச் சொல்லவில்லை. வேளாண் சந்தைப் பொருளாதாரம் சொல்லிக்கொடுத்தே காலம் தள்ளியவன் நான். உங்களைப் போன்ற கடிதங்கள் இப்போது அடிக்கடி வருகின்றன. பெரும்பாலானவற்றில் கோபம்தான் இருக்கும், கணக்கு இருக்காது. உங்கள் கடிதத்தில் கணக்கும் இருக்கிறது. அதனால் அந்தக் கணக்கோடுதான் கொஞ்சம் சண்டை போடப் போகிறேன்.

10-க்கும் 38-க்கும் நடுவில்

நீங்கள் ஒப்பிட்ட இரண்டும் ஒரே தக்காளி இல்லை. ஒட்டன்சத்திரம் சந்தைக்கு வரும் காய்கறியில் பெரும்பகுதி கேரளாவுக்குப் போகிறது. பெங்களூருவில் உங்கள் வீட்டுக்கு வந்த தக்காளி கோலார் பக்கத்தில் விளைந்ததாக இருக்கத்தான் அதிக வாய்ப்பு. ஒரு சங்கிலியின் தலையையும் இன்னொரு சங்கிலியின் வாலையும் பிடித்து நீளம் அளந்திருக்கிறீர்கள். போதாக்குறைக்கு, அப்பா சொன்ன 140 என்பது பெரிசு, பொடி, கீறல் எல்லாம் கலந்த விலை. ஆப்பில் வந்ததோ பொறுக்கி எடுத்த முதல் ரகம்.

சரி, ஒரே தக்காளியையே பின்தொடர்வோம். கீழே வரும் எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. உங்கள் ஊர் நிலவரத்தைக் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

மண்டியில் கிலோ 10-க்கு ஏலம் போகிறது. ஏற்றுகூலி, லாரி வாடகை, இறக்குகூலி எல்லாம் சேர்த்து 3 ரூபாய்; 13 ஆயிற்று. எர்ணாகுளம் போய்ச் சேரும்போது 100 கிலோவில் 93 கிலோதான் விற்கிற நிலையில் இருக்கிறது. நசுங்கியதன் விலையையும் மீதித் தக்காளிதான் சுமக்க வேண்டும் என்பதால் அடக்கம் 14. அங்குள்ள மொத்த வியாபாரிக்கு 2 ரூபாய், 16. சில்லறைக் கடைக்காரர் ஆட்டோ வைத்து எடுத்துப்போக ஒரு ரூபாய், 17. அவரிடம் இரண்டு நாளில் நூற்றுக்குப் பன்னிரண்டு கிலோ அழுகும், அல்லது பாதி விலைக்குப் போகும்; அடக்கம் 19-க்கு மேல். கடை வாடகை, கரண்ட், அவருடைய கூலி என்று 7 ரூபாய் வைத்தால் 26, 27-க்கு விற்கிறார். கிலோவுக்கு 7 ரூபாய் பெரிசாகத் தெரியும். ஒரு நாளில் 40 கிலோ தக்காளி விற்றால் 280 ரூபாய்.

ஆக, ஏலத்தில் கிடைத்த 10 ரூபாய், கடைசி விலையில் 37 சதவீதம். ரிசர்வ் வங்கி 2024 அக்டோபரில் வெளியிட்ட ஆய்வுத்தாளும் இதற்கு அருகில்தான் வருகிறது. நுகர்வோர் கொடுக்கும் ஒரு ரூபாயில் விவசாயிக்குப் போவது தக்காளியில் 33 பைசா, வெங்காயத்தில் 36, உருளைக்கிழங்கில் 37.

இப்போது அதே சங்கிலியில் மண்டி விலையை மட்டும் 60 ஆக்குங்கள். அதே லாரி, அதே அழுகல் விகிதம், அதே 2 ரூபாய், அதே 7 ரூபாய். கடைசி விலை 87 வரும். விவசாயியின் பங்கு 69 சதவீதம்! நடுவில் இருப்பவர் யாரும் திருந்தவில்லை, யாரும் கெடவும் இல்லை. லாரி வாடகை தக்காளி விலையைப் பார்த்து மாறுவதில்லை, அவ்வளவுதான். அதனால் "விவசாயிக்கு மூன்றில் ஒரு பங்குதான் கிடைக்கிறது" என்ற வாக்கியத்தை வைத்து யார் கொள்ளையடித்தார் என்று முடிவு கட்ட முடியாது. விலை விழும்போது எவ்வளவு விழுகிறது, அந்த அடி யார் தலையில் விழுகிறது என்று பார்க்க வேண்டும். விலை சரியும்போது லாரிக்காரர் குறைத்துக்கொள்ளமாட்டார், கடைக்காரர் குறைத்துக்கொள்ளமாட்டார். எல்லாச் சரிவும் வழுக்கிக்கொண்டு வந்து உங்கள் அப்பாவின் தோட்டத்தில் நிற்கிறது. உங்கள் கோபத்துக்கு நியாயம் உண்டு, ஆனால் அது இந்த இடத்தில் இருக்க வேண்டிய கோபம்.

போகிற போக்கில் இன்னொன்று. "இந்தியாவில் 40 சதவீதக் காய்கறி வீணாகிறது, அதைத் தடுத்தாலே லாபம்" என்று எழுதியிருக்கிறீர்கள். மேடைகளில் அடிக்கடி கேட்கிற எண் அது. மத்திய அரசின் அறுவடைப் பின்சார் பொறியியல் நிறுவனம் 2015-இல் வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வில் தக்காளியின் இழப்பு 12.44 சதவீதம். அதுவும் பல கைகளில் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதறிக் கிடக்கிற இழப்பு. ஒரே இடத்தில் குனிந்து அள்ளிக்கொள்ள முடியாது. உங்கள் திட்ட அறிக்கையில் 40 என்ற எண் இருந்தால் இன்றே அடித்துவிடுங்கள்.

0.95 எதைச் சொல்கிறது

உங்கள் தொழிலுக்குள் வந்து பேசுகிறேன், மன்னியுங்கள். பத்து வருட நாட்களைக் கலைத்துப்போட்டு, அதில் 20 சதவீதத்தை மாடலைச் சோதிக்கும் டெஸ்டுக்கு ஒதுக்கியதாக எழுதியிருக்கிறீர்கள். செவ்வாய்க்கிழமை விலையைக் கணிக்க மாடலுக்குத் திங்கள் விலையும் தெரியும், புதன் விலையும் தெரியும். 0.95 வராமல் என்ன செய்யும்? "நாளைய விலை இன்றைய விலைதான்" என்று ஒரே வரியில் ஒரு கணிப்பு எழுதி, காலவரிசை கலையாமல் கடைசி இரண்டு வருடத்தில் ஓட்டிப் பாருங்கள். அதுவும் 0.9-ஐத் தொட்டால் வியப்படைய வேண்டாம். அதைவிட எவ்வளவு முந்துகிறீர்களோ அதுதான் உங்கள் மாடலின் உண்மையான மார்க்.

டேட்டாவிலேயே சில குழிகளும் உண்டு. அக்மார்க்நெட்டில் விலை குவிண்டாலுக்கு (100 கிலோ) இருக்கும், சந்தையில் வியாபாரம் பெட்டியில் நடக்கும். 14 கிலோ பெட்டியில் உண்மையில் எத்தனை கிலோ கொட்டப்படுகிறது என்று எடை போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? உழவர் சந்தை விலையையும் சேர்த்திருக்கிறீர்கள். உழவர் சந்தைகள் 1999-இல் மதுரையில் தொடங்கியதிலிருந்து அங்கே தினமும் காலையில் அலுவலர்கள் விலை நிர்ணயித்துப் பலகையில் எழுதுகிறார்கள். ஏல விலையையும் பலகை விலையையும் ஒரே பத்தியில் போட்டால் எதை அளக்கிறோம் என்பதே குழம்பிவிடும்.

இதைவிட மோசமானது காலி நாட்கள். விலை அடியோடு விழும்போது பறிப்புக் கூலிகூடக் கட்டாது என்று விவசாயி பழத்தைச் செடியிலேயே விட்டுவிடுகிறார். அந்தத் தக்காளி சந்தைக்கே வருவதில்லை, அதற்கு விலையும் பதிவாவதில்லை. வராத வரவுக்கு யார் பதிவு போடுவார்? மிக மோசமான விலைகள்தான் டேட்டாவில் அதிகம் விடுபட்டிருக்கும். நீங்களோ காலி இடங்களை முந்தைய நாள் விலையால் நிரப்பியிருக்கிறீர்கள்.

நாளைய விலையைத் துல்லியமாகச் சொல்லிவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். அதை வைத்து அப்பா என்ன செய்வார்? பழுத்த பழத்தை இரண்டு நாளுக்கு மேல் செடியில் வைக்க முடியாது. அவர் முடிவெடுக்கிற ஒரே நாள், நாற்று வாங்கி நடுகிற நாள். நாற்றங்காலிலிருந்து முதல் பறிப்பு வரை ஏறக்குறைய மூன்று மாதம். அவருக்கு வேண்டியது மூன்று மாதம் கழித்து வரும் விலை.

அந்தத் தூரத்தில் இன்னொரு சிக்கல் காத்திருக்கிறது. இந்த வருடம் நல்ல விலை என்று எல்லோரும் நடுவார்கள், அடுத்த பட்டத்தில் விலை விழும், விழுந்ததும் எல்லோரும் விட்டுவிடுவார்கள், மறுபடி ஏறும். பொருளாதாரத்தில் இதற்குச் 'சிலந்திவலை' என்று பெயர். 1934-இல் நிக்கோலஸ் கால்டோர் வைத்த பெயர். 1938-இல் மோர்டெகாய் எசக்கியேல் அதை விரித்து எழுதினார். 2023-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டின் முதல் பாதியில் பல மாநிலங்களில் தக்காளி கட்டுப்படியாகாத விலைக்குப் போனது, பலர் வயலைக் கவனிக்காமல் விட்டார்கள். வெயிலும் நோயும் மழையும் சேர்ந்துகொள்ள, ஜூலையில் கிலோ நூறைத் தாண்டி, சில நகரங்களில் இருநூறையும் தொட்டது. சென்னையில் ரேஷன் கடையில் 60 ரூபாய்க்குத் தக்காளி விற்றார்கள். அந்த விலையைப் பார்த்து நட்டவர்களின் பழம் செப்டம்பரில் சந்தைக்கு வந்தபோது சாலையோரம் கொட்ட வேண்டியதாயிற்று.

உங்கள் மாடல் ஆயிரம் விவசாயிகளுக்கு "ஆடியில் தக்காளி நடுங்கள்" என்று சொல்லி ஆயிரம் பேரும் கேட்டால் அந்தக் கணிப்பு பொய்த்துவிடும். வானிலையைக் கணித்தால் மேகம் அதைக் கேட்டுத் திசை மாற்றுவதில்லை. விலைக்குக் காது உண்டு.

விலை தெரிந்தால் போதுமா?

"தகவல் இல்லாததுதான் பிரச்சினை, அதை நான் தீர்ப்பேன்" என்பது உங்கள் கடிதத்தின் அடித்தளம். இதற்கு ஆதரவாக ஒரு அழகான சான்று இருக்கிறது, நீங்களும் எங்கோ படித்திருப்பீர்கள். வட கேரளக் கடற்கரைக்கு 1997 முதல் 2001 வரை படிப்படியாக செல்ஃபோன் வந்தபோது மத்திச் சந்தையில் என்ன நடந்தது என்று ராபர்ட் ஜென்சன் ஆராய்ந்து 2007-இல் வெளியிட்டார். ஃபோன் வருவதற்கு முன், 1997 ஜனவரி 14 அன்று, வடகரையில் 11 மீனவர்கள் வாங்க ஆளில்லாமல் மீனைக் கொட்டினார்கள். அதே காலையில் 15 கிலோமீட்டருக்குள் இருந்த மற்ற கரைகளில் மீன் வாங்க வந்த 27 பேர் மீன் கிடைக்காமல் வெறுங்கையோடு திரும்ப இருந்தார்கள். ஃபோன் வந்த பிறகு கரைக்குக் கரை இருந்த விலை வேறுபாடு பெருமளவு சுருங்கியது, கொட்டுவது நின்றது. மீனவர் லாபம் சுமார் 8 சதவீதம் கூடி, வாங்குபவர் விலை 4 சதவீதம் குறைந்தது.

ஆனால் மகாராஷ்டிராவில் நூறு கிராமங்களில் விவசாயிகளுக்கு எஸ்.எம்.எஸ். வழியே சந்தை விலை அனுப்பிப் பார்த்த ஃபாஃப்ஷாம், மின்டென் இருவரின் 2012 ஆய்வில், அவர்களுக்குக் கிடைத்த விலையில் சொல்லும்படியான மாற்றமே இல்லை.

ஏன் இந்த வித்தியாசம்? மீனவர் கடலில் படகில் இருக்கிறார். சுக்கானைத் திருப்பினால் அடுத்த கரை. கொஞ்சம் டீசல் செலவு. உங்கள் அப்பாவுக்கு உடுமலையில் பெட்டிக்கு 40 ரூபாய் அதிகம் என்று தெரிந்தாலும், 30 பெட்டிக்குத் தனி வண்டி பிடித்தால் அந்த 40-இல் பெரும்பகுதி வாடகைக்கே போகும். போய் இறக்கினால் அங்கே அவரை யாருக்கும் தெரியாது. தெரியாதவர் சரக்கு என்றால், மேலடுக்கில் நல்ல பழம் வைத்து அடியில் பொடியைப் போட்டிருப்பாரோ என்ற சந்தேகத்திலேயே ஏலம் குறைவாகக் கேட்கப்படும். (அப்படிப் போடுகிறவர்களும் உண்டு. என் சொந்தக்காரர் ஒருவரே அதில் கெட்டிக்காரர்.) எல்லாவற்றுக்கும் மேல், அப்பாவின் பெட்டிகள் எந்த மண்டிக்குப் போக வேண்டும் என்பது முன்பணம் வாங்கிய அன்றே முடிவாகிவிட்டது.

விலை தெரியாததால் அல்ல, காத்திருக்க முடியாததால்தான் தக்காளி விவசாயி அடிபடுகிறார். பாலைப் பாருங்கள். அதில் நுகர்வோர் விலையில் ஏறத்தாழ 70 சதவீதம் உற்பத்தியாளருக்குப் போவதாக ரிசர்வ் வங்கியின் ஆய்வு சொல்கிறது. பால் தக்காளியைவிடச் சீக்கிரம் கெடும் பொருள். ஆனால் வீதிக்கு வீதி தினமும் எடுக்கும் சங்கம் இருக்கிறது, குளிரூட்டும் நிலையம் இருக்கிறது, மிஞ்சினால் பவுடராக்கலாம். பவுடர் ஆலைதான் பாலுக்குக் காத்திருக்கும் சக்தியைக் கொடுக்கிறது. தக்காளியில் அந்த இடத்தில் யார் இருக்கிறார்கள் என்று தேடுங்கள். உங்கள் டேட்டா அறிவுக்கு அங்கே நிறைய வேலை இருக்கிறது: எந்தக் கிராமத்தில் எந்த வாரம் எத்தனை ஏக்கர் நட்டிருக்கிறார்கள், சாஸ் தயாரிப்பவருக்கு எந்த வாரம் எத்தனை டன் கொடுக்க முடியும், நடவைப் பதினைந்து நாள் தள்ளிப் பிரித்தால் வரத்து எப்படிச் சீராகும். விலைக் கணிப்பைவிட இது மந்தமான வேலை, ஆனால் பலன் இதில்தான்.

அந்த 1.8 லட்சம்

"வட்டியில்லாக் கடன்" என்று அப்பா நம்புகிறார், நீங்களும் அப்படியே எழுதியிருக்கிறீர்கள். வட்டி இருக்கிறது, கமிஷனுக்குள் ஒளிந்திருக்கிறது. வருடத்துக்கு 2,000 பெட்டி, சராசரி 250 ரூபாய், 10 சதவீதக் கமிஷன் என்று வைத்தால் 50,000 ரூபாய். அதில் எவ்வளவு விற்றுக்கொடுத்ததற்கான கூலி, எவ்வளவு 1.8 லட்சத்துக்கான வட்டி என்று யாரும் பிரித்துச் சொல்வதில்லை.

அதே சமயம், அந்த மனிதர் செய்வதையும் எழுதிப் பாருங்கள். விதைப்புக்குப் பணம் தருகிறார், எந்த வங்கியும் தராத வேகத்தில். சரக்கு குவிந்த நாளிலும் அப்பாவின் பெட்டியைத் திருப்பி அனுப்புவதில்லை. கேரள வியாபாரி பணம் தராமல் இழுத்தாலும் அப்பாவுக்குத் தந்துவிடுகிறார். பயிர் போன வருடம் கடனைத் தள்ளிப்போடுகிறார். வங்கி, தரகு, காப்பீடு மூன்றும் ஒரே கல்லாவில் உட்கார்ந்திருக்கின்றன. நீங்கள் அவரை எடுக்கப் பார்க்கிறீர்கள். எடுத்தால் இந்த மூன்று வேலையும் உங்கள் தலையில் வரும். அப்பாவுக்கு இது பாடம் படிக்காமலே தெரியும். அவருடைய மறுப்பை வெறும் நன்றிக்கடன் என்று தள்ளிவிடாதீர்கள்.

இதைச் சொல்வதால் மண்டிக்கு நற்சான்றிதழ் தருகிறேன் என்று அர்த்தமில்லை. ஏலம் போன விலையைத் துண்டுச் சீட்டில் எழுதாமல் மொத்தத் தொகையை மட்டும் தருவது, 'கழிவு' என்று எடையில் பிடிப்பது எல்லாம் பல இடங்களில் நடக்கிறது. தமிழ்நாட்டின் ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில் விவசாயியிடம் கமிஷன் பிடிப்பது கிடையாது, கட்டணம் வாங்குபவரிடமிருந்துதான். ஆனால் அங்கே பெரும்பாலும் கடலை, பருத்தி, மஞ்சள், கொப்பரை என்று கெடாத சரக்குதான் வருகிறது. தக்காளிக்கு அந்தப் பாதுகாப்பு நடைமுறையில் கிடைப்பதில்லை. ஒவ்வொரு நாளும் பெட்டி எண்ணிக்கை, ஏல விலை, பிடித்தம் மூன்றும் எழுதிய சீட்டை மரியாதையாகக் கேட்டு வாங்கும்படி அப்பாவிடம் சொல்லுங்கள். கேட்பதற்கு அவருக்கு உரிமை இருக்கிறது. முன்பணத்தில் எவ்வளவு கழிந்தது, எவ்வளவு பாக்கி என்பதும் எழுத்தில் இருக்கட்டும். இது தெளிவாகாமல் அப்பாவின் தக்காளியை நீங்கள் வேறு பக்கம் திருப்பினால், மறுநாளே முழுத்தொகையையும் கேட்பார்கள். உங்கள் 14 லட்சத்தில் முதல் செலவு அதுவாகத்தான் இருக்கும்.

வேலை, சேமிப்பு, கம்பெனி

முதலில் தூரம். கோலாரிலிருந்து பெங்களூருக்கு சுமார் 70 கிலோமீட்டர். உங்கள் ஊரிலிருந்து ஏறத்தாழ 400. கோலார்த் தக்காளியோடு பெங்களூருவில் போட்டி போட ஒட்டன்சத்திரத்திலிருந்து வண்டி விடுவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதை. விற்கத்தான் வேண்டும் என்றால் மதுரை, கோவை, கொச்சியைப் பாருங்கள்.

அடுத்து பணம். தினம் ஒரு டன், கிலோ 20-க்கு வாங்கினால் 20,000. வண்டி, கூலி 7,000 என்று வையுங்கள். விவசாயிக்கு அன்றே காசு. அடுக்குமாடிக்காரர்கள் உடனே தருவார்கள், ஆனால் வீட்டுக்கு இரண்டு கிலோதான் வாங்குவார்கள். டன் கணக்கில் வாங்குகிற ஹோட்டலும் விடுதியும் முப்பது நாள் தவணை கேட்பார்கள். 27,000 வீதம் முப்பது நாளைக்கு 8.1 லட்சம் வெளியே நிற்கும். இப்போது விலை 60 ஆகிறது. அதே ஒரு டன் வியாபாரத்துக்கு 20 லட்சம் வெளியே நிற்க வேண்டும். விலை ஏறினால் லாபம் என்று எழுதியிருக்கிறீர்கள். விலை ஏறுகிற வாரத்தில்தான் உங்கள் சேமிப்பு தீர்ந்துபோகும். மண்டிக்காரரின் உண்மையான மூலதனம் இதுதான், கடையும் தராசும் இல்லை.

உழவர் உற்பத்தியாளர் கம்பெனியை நீங்களும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து தொடங்க முடியாது. கம்பெனிச் சட்டப்படி தனிநபர்களாகத் தொடங்குவதானால் குறைந்தது பத்து உற்பத்தியாளர்கள் வேண்டும். உறுப்பினராக இருப்பவர் உற்பத்தியாளராக இருக்க வேண்டும். நிலம் அப்பா பெயரில், பயிர் செய்வதும் அப்பா. அவர் உறுப்பினராகலாம். நீங்கள் சம்பளத்துக்குத் தலைமை நிர்வாகியாகவோ, நிர்வாகக் குழு சேர்த்துக்கொள்ளும் வல்லுநர் இயக்குநராகவோ வரலாம். உறுப்பினர் ஒருவருக்கு ஒரு ஓட்டு என்பதால், பணம் போட்டவர் என்ற முறையில் அங்கே உங்கள் பேச்சு எடுபடாது. நண்பர்களிடம் இதை முன்பே சொல்லிவிடுங்கள். 2020-இல் தொடங்கிய மத்திய அரசின் பத்தாயிரம் உற்பத்தியாளர் அமைப்புகள் திட்டத்தில் உறுப்பினருக்கு 2,000 ரூபாய் வரை, ஒரு அமைப்புக்கு 15 லட்சம் உச்சவரம்போடு பங்கு மானியம் அறிவிக்கப்பட்டது. உங்கள் வட்டாரத்தில் ஏற்கெனவே ஒரு அமைப்பு இருக்கிறதா என்று வேளாண் வணிகத் துறை அலுவலகத்தில் விசாரியுங்கள். புதிதாகத் தொடங்குவதைவிட, கணக்கு எழுத ஆள் இல்லாமல் தவிக்கும் ஒன்றில் சேர்ந்து வேலை செய்வது உங்களுக்கு நூறு மடங்கு கற்றுத்தரும். தனியாக வியாபாரம் செய்வதானால் புதிய காய்கறிக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, ஆனால் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவோ உரிமமோ விற்பனை அளவைப் பொறுத்துத் தேவை.

இப்போதைய வேலையில் இருந்துகொண்டு இதில் சம்பளமோ பங்கோ வாங்குவதற்கு முன் உங்கள் நியமனக் கடிதத்தை ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். வேலையில் இருக்கும்போது வேறு தொழில் கூடாது என்ற நிபந்தனை பெரும்பாலும் இருக்கும், அது செல்லும். வேலையை விட்ட பிறகு இன்ன தொழில் செய்யக்கூடாது என்ற நிபந்தனை 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவின்படி பொதுவாகச் செல்லாது. அப்புறம், உங்கள் மனைவியின் பிரசவச் செலவு இப்போது அலுவலகக் காப்பீட்டில் இருக்கிறதா? இருந்தால், குழந்தை பிறந்து ஆறு மாதம் ஆகும் வரை ராஜினாமா என்ற பேச்சையே எடுக்காதீர்கள். கடிதத்தில் மனைவியின் கருத்து ஒரு வரிகூட இல்லை. அதையும் கவனித்தேன்.

அதுவரை என்ன செய்வது? அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பத்து நாள் விடுப்பு எடுங்கள். லேப்டாப்பை பெங்களூருவிலேயே வைத்துவிட்டு நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அப்பாவின் பெட்டிகளில் ஒன்றை, பறிப்பிலிருந்து கேரளத்தில் கடைசியாக விற்கிற கடை வரை, கூடவே போய்ப் பாருங்கள். ஒவ்வொரு கைமாற்றத்திலும் யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார், ரொக்கமா தவணையா, எடை எவ்வளவு, எத்தனை பழம் ஒதுக்கப்பட்டது என்று எழுதுங்கள். மண்டிக்காரரிடம் உட்கார்ந்து, போன ஐந்து வருடத்தில் அவருக்கு வராமல் போன பாக்கி எவ்வளவு என்று கேளுங்கள். கூட வர அப்பாவையும் அழையுங்கள். எர்ணாகுளத்தில் தன் தக்காளி விற்கும் கடையை அவரும் இதுவரை பார்த்திருக்கமாட்டார்.

எழுதி முடித்ததும் எனக்கு அனுப்புங்கள். முதல் பக்கத்தில் விலையைப் போட வேண்டாம். தோட்டத்தில் பறிப்பு முடிந்தது எத்தனை மணிக்கு, வண்டி கிளம்பியது எத்தனை மணிக்கு என்று எழுதுங்கள்.